ஓடு கழற்றிய பின்வீடு

தில்லைநாதனின் வீட்டை ஒழுங்கையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் பகட்டான சீமெந்து வீடு. வெளிநாட்டு மிளகாயை அரசாங்கம் நிறுத்திவைத்த எழுபதுகளில், வன்னியில் மிளகாய் நட்டவனெல்லாம் நிமிர்ந்து நடந்தானே, அந்தக் காலத்தில் எழும்பியது. முன்னுக்கு இரண்டு தூண், மேலே தூணுக்கொன்றாக இரண்டு சீமெந்துக் கிளிகள். ஒரு கிளிக்குச் சொண்டு வைக்க மேசன் மறந்துபோனான். கேட்கப்போனால் கூலி கூடும் என்று தில்லைநாதனும் பேசாமல் விட்டுவிட்டார். நெடுங்கேணிச் சந்தைக்குப் போகிறவர்கள் அந்த மொட்டைக் கிளியைத்தான் அடையாளம் சொல்வார்கள்.

வளவைச் சுற்றிப் பின்னால் போனால்தான் உண்மையான வீடு தெரியும். முன்வீட்டின் முதுகோடு முதுகு ஒட்டி நீளமாக ஒரு மண்வீடு. தில்லைநாதனின் தகப்பன் மயில்வாகனம் வடமராட்சியிலிருந்து மாட்டுவண்டியில் வந்து, குளத்துக்குக் கீழே காடு வெட்டி வயலாக்கிய நாளில் கட்டியது. முதலில் அது வெறும் காவற்கொட்டில். இரண்டு போகம் விளைந்த பிறகு நான்கு பக்கமும் சுவர் வந்தது. பிறகு மாடு பெருகியது, சுவரை நீட்டினார். நெல் பெருகியது, நடுவில் கொம்பறை வைத்தார். கொம்பறை என்றால் நெல் கொட்டி வைக்கிற அறை, தரையிலிருந்து உயர்த்தி, எலி ஏறாமல் உள்ளும் புறமும் மண் பூசியது. ஒரு பக்கம் மனிதர், ஒரு பக்கம் மாடு, நடுவில் நெல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே முகடு. இரவில் மாடு செருமினாலும் படுத்தபடியே கேட்கும். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் கிணற்றடியில் நிற்பதுபோல் இருக்கும். வாசல் மட்டும் பதிவு, குனிந்துதான் நுழையவேண்டும்.

"குனிஞ்சு வாறவன் நல்லவனெண்டால் கும்பிட்டதாய் இருக்கும், கள்ளனெண்டால் பிடரியில ஒண்டு போட வசதியாய் இருக்கும்" என்று மயில்வாகனம் சொல்வாராம்.

கிடுகுக் கூரையை எடுத்து அதற்கு ஓடு போட்டதும் அவர்தான். அவர் கண்ணை மூடிய பிறகு மகன் சீமெந்துக்கு மாறினார். மண்வீடு பின்வீடு ஆனது. பின்வீடு விறகு அடுக்கும் இடமானது. தொண்ணூறாம் ஆண்டு மாரியில் ஓடு சரிந்த இடத்தால் தண்ணீர் இறங்கி, மேற்குச் சுவர் ஒரு விடியற்காலையில் பொத்தென்று விழுந்தது. தில்லைநாதன் எழும்பி வந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டார்.

விழுந்த சுவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கம்மா.

தங்கம்மாவை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அவளைப் பற்றி இரண்டு வசனத்துக்கு மேல் பேசியதில்லை. "தில்லையின்ர வளவில நிக்கிற மலைநாட்டுப் பெட்டை" என்பது முதல் வசனம். "நல்ல வேலைகாரி" என்பது இரண்டாவது. அவள் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே தகரத்தின் கீழ் பத்துக் குடும்பம். பக்கத்துக் காம்பரா அறையில் இருமினால் இந்தக் காம்பராவில் தொட்டில் ஆடும். வேலை போய்த் தோட்டத்தில் பெயர் வெட்டினால் காம்பராவும் போச்சு. அவளுடைய தகப்பனுக்குப் பெயர் வெட்டியபோது சட்டி பானையெல்லாம் வாசலில் கிடந்ததை அவள் கண்ணால் கண்டவள். எழுபத்தேழு கலவரத்தில் லயம் எரிந்தது. லொறியில் வவுனியா, அங்கிருந்து நெடுங்கேணி. வீரையாவைக் கட்டியதும் மகள் சுமித்திராவைப் பெற்றதும் இங்கேதான், தில்லைநாதனின் வைக்கோல் பட்டடைக்குப் பக்கத்தில் போட்ட குடிசையில். அதுவும் அவருடைய நிலம், அவருடைய கிடுகு. யாரும் "வெளிய போ" என்று சொல்ல முடியாத ஒரு கூரை. தங்கம்மா சாமியிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

அது கிடைக்கிற வாய்ப்பும் ஒன்று வந்தது. வீரையாவின் தம்பி ஆண்டியப்பன் மல்லாவிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் காணி பிடித்திருந்தான். "அண்ணே, பக்கத்திலயே ஒரு துண்டு கெடக்கு, வந்துருங்க" என்று ஆள்விட்டான். வீரையா கோடரியைக்கூடத் தீட்டிவிட்டான்.

இது தில்லைநாதனின் காதுக்குப் போயிற்று. திரும்பவும் சண்டை தொடங்கி, கூலியாட்கள் திசைக்கொருவராக ஓடியிருந்த நேரம். மகன் சுஜிதனை அப்போதுதான் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். பத்து ஏக்கர் வயலையும் பதினைந்து மாட்டையும் வைத்துக்கொண்டு அவரும் மனைவி விமலேஸ்வரியும் மகள் பிரியந்தினியும் என்ன செய்வார்கள்? அன்று பின்னேரம் அவர் தானாக நடந்து குடிசைக்கு வந்தார். அவர் குடிசை வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"வீரையா, தங்கம்மா, ரெண்டுபேரும் கேளுங்கோ. காட்டுக்க போய் யானையோட ஏன் மாரடிக்கிறியள்? இந்தப் பின்வீட்டை நிமித்தி எடுங்கோ. நிமித்தினால் அது உங்கட வீடு. எனக்குப் பிறகும் உங்கட வீடுதான். குளக்கட்டு ஐயனாராணை, சொன்ன சொல்லு மாறமாட்டன்."

அவர் போன பிறகு வீரையா பீடியைப் பற்றவைத்தான்.

"நம்ப நட, நம்பி நடக்காதேன்னு எங்கப்பா சொல்லும்."

"சும்மா இருங்க. சாமி பேர்ல சத்தியம் பண்ணிட்டாரு மனுசன்."

"சாமி சாட்சி சொல்ல வருமா?"

"வராட்டி அது சாமியா?" என்றாள் தங்கம்மா. ஆண்டியப்பனுக்கு வரவில்லை என்று ஆள்விட்டார்கள். மல்லாவிக் காணித் துண்டில் வேறு யாரோ வேலி போட்டார்கள்.

நனைந்து ஊறிய மற்றச் சுவர்களையும் இடித்துத் தள்ளிவிட்டு, அடுத்த கோடை முழுக்க அவர்கள் நான்கு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். வயல் வேலை முடிந்துவந்து எழுப்பினார்கள். சுவருக்குப் புற்றுமண்தான் வேண்டும். கறையான் தின்று உமிழ்ந்த மண்ணில் பசை இருக்கும், பிளக்காது. காட்டு ஓரத்துப் புற்றுகளை வீரையா வெட்டிக் கொடுக்க, தங்கம்மா கடகத்தில் சுமந்து வந்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, வைக்கோல் தூவி, சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு மிதிப்பாள். ஒரு முழம் எழுப்பினால் காயவிட வேண்டும். காயாமல் மேலே ஏற்றினால் வயிறு தள்ளிவிடும். வீட்டுச் சுவர் என்றாலும் பொறுமை இல்லாதவனுக்கு நிற்காது. ஓடுகளை இறக்கி, பாசி சுரண்டி, உடைந்ததை மாற்றி, திரும்பவும் ஏற்றினார்கள். சாணமும் சாம்பலும் கரைத்து அவள் உள்ளே மெழுகிய மெழுக்கில் விமலேஸ்வரிகூட வந்து, "எங்கட சீமெந்து நிலம் தோத்துப்போச்சு" என்றாள்.

பழைய கதவு நிலையைக் கறையான் தின்றிருந்தது. வீரையா பாலை மரத்தில் புதிதாக நிலை செய்வித்தான். நிலை வைக்கிறதென்றால் அந்தப் பக்கத்தில் சும்மா காரியமில்லை. நாள் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, கீழே குழியில் ஒரு பொட்டுப் பொன் வைத்து, அதன் மேல்தான் நிலையை நிறுத்துவார்கள். பொன்னை வைக்கவேண்டியவள் வீட்டுக்காரி. அன்றைக்குத் தங்கம்மா ஒதுங்கி நின்றாள். விமலேஸ்வரி தோட்டைக் கழற்றுவாள் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை ஏன் பாக்கிறாய்? நீயெல்லோ இந்த வீட்டுக்காரி. நீ வை" என்றாள் விமலேஸ்வரி.

தங்கம்மாவின் உடம்பில் இருந்த பொன் மூக்குத்தி ஒன்றுதான். செத்துப்போன அம்மாவினுடையது. அதைக் கழற்றிக் குழியில் வைத்தாள். நிலை நின்றது. துளை தூராமலிருக்க மூக்கில் ஒரு வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டு திரிந்தாள். கொஞ்ச நாளில் அதையும் மறந்துவிட்டாள்.

கதவுக்குப் பூட்டுப் போடக் கொண்டி வைக்கவா என்று தச்சன் கேட்டபோது, "முன்னுக்கு ஐயா இருக்கும்போது பூட்டு எதுக்கு?" என்று சிரித்தவள் அவள்.

ஆறு வருசம் அந்த வீட்டில் இருந்தாள். பொய் சொல்லக்கூடாது, அந்த ஆறு வருசமும் தில்லைநாதன் ஒரு சொல்லும் பிசகவில்லை. பின்வீட்டுக்கு வந்தால் வெளியே நின்று, "தங்கம்மா, நிக்கிறியோ?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் குனிந்து வருவார். ஒவ்வொரு மாரிக்கு முன்னாலும் அவள் வெளிச்சுவரைப் புற்றுமண்ணால் ஒருமுறை பூசிவிடுவாள். சுமித்திரா அந்த வீட்டில்தான் பெரியபிள்ளையானாள். ஆண்டியப்பன் வந்து பார்த்துவிட்டு, "மதினி, அரமனையால்ல இருக்கு" என்றான். வீரையாகூடத் தகப்பனின் பழமொழியைச் சொல்வதை நிறுத்தியிருந்தான்.

தொண்ணூற்றேழு வைகாசியில் புளியங்குளத்துப் பக்கமிருந்தும் கிழக்குப் பக்கமிருந்தும் ஷெல் சத்தம் நெருங்கி வந்தது. நெடுங்கேணி இடம்பெயர எழும்பியது. வன்னிச் சனம் எழும்புகிற மாதிரியே வேறு. சட்டி பானையோடு நிற்காது. கூரையைக் கழற்றும். ஓடு, சிலாகை, கைமரம், கதவு, யன்னல், நிலை, எல்லாவற்றையும் கழற்றி உழவு மெசின் பெட்டியில் ஏற்றும். போகிற இடத்தில் நாலு தடியை நட்டு அதே கூரையைப் போட்டுக்கொள்ளும். விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மிஞ்சாது என்று பட்டுத் தெரிந்த சனம் அது.

தில்லைநாதன் உழவு மெசின்காரன் அப்புத்துரையைப் பிடித்துவந்தார். மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிற மெசின்.

"முதல் நடையில முன்வீட்டு ஓடு. அதோட பின்வீட்டு ஓட்டையும் கழட்டுங்கோ. ரெண்டாம் நடையில உங்களையும் சாமானையும் ஏத்தலாம்" என்றார்.

தங்கம்மா கையைப் பிசைந்தாள். "ஐயா, முன்வீடு சீமெந்து, நின்னுக்கும். இது மண்ணு. ஓட்டக் கழட்டினா ஒரு மாரி தாங்காதுங்க. இத விட்டுட்டுப் போவோமே."

"விட்டால் கண்டவனும் கழட்டிக்கொண்டு போவான். ஓடு இருந்தால் சுவர் எப்பவும் எழுப்பலாம். மாரிக்கு முதல் திரும்பிடுவம், பயப்பிடாதை. உன்ர வீட்டு ஓட்டை நான் பத்திரமாய் வைச்சுத் தருவன்."

உன்ர வீட்டு ஓடு. அந்தச் சொல்லில் அவள் விழுந்தாள். மண்வீட்டைப் பற்றி அந்த வளவில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. ஓடில்லாத மண்சுவர் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே, தான் ஏற்றிய ஓட்டைத் தன் கையாலேயே இறக்கினாள். வீரையா முகட்டிலிருந்து கொடுக்க, சுமித்திரா நடுவில் வாங்க, தங்கம்மா கீழே அடுக்கினாள். தங்கள் சாமான் ஒன்றையும் கட்டவில்லை. அதற்குத்தான் இரண்டாம் நடை இருக்கிறதே.

கடைசியாக நிலையையும் பிடுங்கினார்கள். குழியில் மண்ணைக் கிளறி மூக்குத்தியை எடுக்கப்போனவளை விமலேஸ்வரி தடுத்தாள்.

"அதை எடுக்காதையடி. பொன்னை எடுத்தால் வீடு முடிஞ்சுதெண்டு அர்த்தம். கிடக்கட்டும். அது கிடந்தால்தான் திரும்பி வருவம்."

தங்கம்மாவுக்கு அது சரியென்றே பட்டது. மண்ணைத் தள்ளி மூடி, குதிக்காலால் மிதித்துவிட்டாள்.

மெசின் போனது. முன்வீட்டுக்காரரும் அதே மெசினில் ஓட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்து போனார்கள். பின்வீட்டுக்காரர் மூன்றுபேரும் காத்திருந்த நேரத்தில், கிடந்த கிடுகுகளை எடுத்து மொட்டைச் சுவர்களின் தலையில் போட்டு மேலே கல் வைத்தார்கள். பிள்ளைக்கு மழைக்குத் தலையில் துணி போடுவதுபோல. ஷெல் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் விழத் தொடங்கியது. மெசின் வரவில்லை. கடைசியில் ஒரு உரப்பையில் உடுப்பும் ஒரு பானையில் அரிசியுமாக நடந்தார்கள். ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி. ஆண்டியப்பனின் வளவுக்குள் போய் விழுந்தபோது சுமித்திராவின் செருப்பு அறுந்து காலில் தோலே இல்லை.

ஆண்டியப்பன் ஒன்றும் கேட்கவில்லை. தன் வீட்டுச் சுவரோடு ஒரு பத்தி, சாய்ப்புக் கூரை, இறக்கிக் கொடுத்தான். சொந்த வேலிக்குள் சொந்த வீடு வைத்திருந்தான் அவன். தங்கம்மா அந்த வேலியைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அதற்கு அடுத்த வேலி அவளுடையதாக இருந்திருக்க வேண்டியது.

தில்லைநாதன் குடும்பமும் மல்லாவியில்தான் காணி ஒன்றை எடுத்து இருந்தது. கண்டதும் விமலேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்னடி செய்ய, வழியை அடைச்சுப்போட்டாங்கள். அப்புத்துரையால திரும்பேலாமல் போச்சு." தங்கம்மா நம்பினாள். சண்டைக்காலம், வழி அடைபடாதா?

மாரி வந்தது. திரும்பவில்லை. மல்லாவியில் மழை கொட்டிய இரவுகளில் தங்கம்மா தூங்கமாட்டாள். கிடுகு பறந்திருக்குமா, மேற்குப் பக்கம் நனைந்திருக்குமா என்று தானாகப் பேசிக்கொண்டிருப்பாள். வீரையா மறுபக்கம் திரும்பிப் படுப்பான்.

அடுத்த வருசம் பிரியந்தினிக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பகுதி சீதனமாக வீடு கேட்டது. இடம்பெயர்ந்து வந்த இடத்தில் வீட்டுக்கு எங்கே போவது? தில்லைநாதன் மல்லாவிக் காணியில் கல்வீடு ஒன்று எழுப்பத் தொடங்கினார். நிலம் இறுக்கி மெழுகத் தங்கம்மாவைக் கூப்பிட்டார்கள். போனாள். பிரியந்தினி அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

போனவள் வாசலில் நின்றுவிட்டாள். முகட்டில் மயில்வாகனத்தின் ஓடு. அவள் பாசி சுரண்டிய ஓடு, ஒவ்வொன்றாகத் தெரியும். வாசலில் வீரையாவின் பாலை மர நிலை, புதிதாக மஞ்சள் பூசி, மாவிலை கட்டி.

"அவசரத்துக்கு வைச்சிருக்கடி" என்றாள் விமலேஸ்வரி, முகத்தைப் பார்க்காமல். "ஊருக்குத் திரும்பேக்க கழட்டிக்கொண்டு போறதுதானே. பிள்ளையின்ர கலியாணமெல்லோ."

"அதுக்கென்னம்மா" என்றாள் தங்கம்மா. குனிந்து நிலம் மெழுகினாள். ஆனால் பின்னேரம் வந்து வீரையாவிடம் சொன்னாள். "நிலைக்குக் கீழ பொன்னு வெச்சிருக்காங்க. பிரியந்தினிப் பாப்பாவோட தோடு. கழட்டுற நிலைக்கு யாராச்சும் பொன்னு வெப்பாங்களா?"

வீரையா பீடியை எறிந்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். சொல்ல அவனிடம் ஒரு பழமொழிதான் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. அந்த மட்டுக்கு நல்ல மனுசன்.

இரண்டாயிரமாம் ஆண்டு, படையினர் விலகிப்போய், கண்ணிவெடி எடுத்த பாதையில் சனம் ஊருக்குத் திரும்பியது. அப்புத்துரையின் அதே மெசினில் தங்கம்மாவும் வீரையாவும் தொற்றிக்கொண்டு வந்தார்கள். சுமித்திராவை ஆண்டியப்பன் வீட்டில் விட்டிருந்தார்கள். வழியில் அப்புத்துரை சும்மா கதைத்துக்கொண்டு வந்தான்.

"அண்டைக்கு உங்களை விட்டிட்டுப் போனது எனக்கு இப்பவும் மனக்குறையக்கா. நான் திரும்பி வரத்தான் வெளிக்கிட்டனான். தில்லையண்ணைதான் மறிச்சவர். ரெண்டாம் நடைக்கு மச்சானின்ர வீட்டு மரங்களை ஏத்தச் சொன்னவர்."

"வழிய அடைச்சுட்டாங்கன்னு…"

"எங்க அடைச்சவங்கள்? நாலு நாளுக்குப் பிறகெல்லோ அடைச்சவங்கள்."

தங்கம்மா மெசின் பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முன்வீடு நின்றது. கூரையில்லை, சுவரெல்லாம் குண்டுத் துளை, ஆனாலும் நின்றது. மொட்டைக் கிளியும் இருந்தது, சொண்டிருந்த கிளிதான் பறந்துபோயிருந்தது. பின்னால் போனாள். வீடு இருந்த இடத்தில் நீளமாக ஒரு மண்மேடு, மேலே நாயுண்ணிப் பற்றை. மூன்று மாரி. கொம்பறை இருந்த இடம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து தெரிந்தது. ஒரு மனிதனைப் புதைத்த இடமென்றாலும் அழலாம். இதற்கு எப்படி அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தில்லைநாதன் நாலு நாள் கழித்து வந்தார். விமலேஸ்வரியும் வந்தாள். தங்கம்மா முன்வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஐயா, ஓட்டையும் நிலையையும் கொண்டாந்தீங்கன்னா நாங்க சுவரத் திரும்ப எழுப்பிருவோம்."

தில்லைநாதன் செருமினார். "ஓடு பிள்ளையின்ர சீதன வீட்டில ஏறியிட்டுதெல்லோ. இனி அதைக் கழட்டினால் மாப்பிள்ளை பகுதி என்ன சொல்லும்?"

"அப்ப கிடுகு போட்டுக்கிறோம். நாங்களே எழுப்பிக்கிறோம்."

"அது… இந்தப் பின்வளவையும் பிரியந்தினிக்கெண்டு குடுத்தாச்சு, தங்கம்மா. மருமகன் அதில அரிசி ஆலை போடுற எண்ணம்."

"ஐயனாராணைன்னு சொன்னீங்களேய்யா. அது எங்க வீடுன்னு."

"வீடெண்டுதானே சொன்னனான்? காணியெண்டு சொன்னனானோ? வீட்டை நான் பறிக்கேல்லை. மழை கொண்டுபோட்டுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஓட்டக் கழட்டச் சொன்னது நீங்க!"

"நான் சொன்னனான். கழட்டினது ஆர்? உன்ர கைதானே?"

வீரையா ஒரு அடி முன்னால் வந்தான். தங்கம்மா கையை நீட்டி மறித்தாள். விமலேஸ்வரியைப் பார்த்தாள். "நீயெல்லோ இந்த வீட்டுக்காரி" என்று சொன்ன அதே வாய், இப்போது சேலைத் தலைப்பை மென்றுகொண்டிருந்தது. ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி என்பார்கள். இவர்கள் ஆற்றைக் கடந்ததே அவளுடைய முதுகில். தோட்டத்துத் துரை வெளியே போ என்றபோது அவளுக்குக் கோபம் வந்ததே தவிர நெஞ்சு நோகவில்லை. துரை ஒருநாளும் அவளை வீட்டுக்காரி என்று சொன்னதில்லை. இது நம்பவைத்துக் கழுத்தை அறுத்த வேலை.

"சரிங்க" என்றாள். "நீங்க குடுத்தது வீடு மட்டும்தான். காணி உங்களோடது. வீடு அந்தா மண்ணாக் கெடக்கு. நா என் வீட்ட எடுத்துக்கிட்டுப் போறேன்."

அன்று பின்னேரமே கடகத்தோடு வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காட்டு ஓரத்தில், திரும்பி வந்த சனம் ஆளுக்கொரு துண்டாகப் பற்றை வெட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டை வீரையாவும் வெட்டினான். தங்கம்மா பற்றையைப் பிடுங்கி, மேட்டைக் கொத்தி, கடகம் கடகமாகச் சுமந்தாள். கறையானும் அவளும் ஒருமுறை பிசைந்த மண், தண்ணீர் பட்டதும் சொன்னபடி கேட்டது.

இரண்டாம் நாள் தில்லைநாதன் வேலியோடு வந்து நின்றார். "என்ர வளவு மண்ணெல்லோ அது" என்று தொடங்கினார்.

"உங்க வளவு மண்ணு இதுக்கு அடியில கெடக்குங்க. இது காட்டுப் புத்துல இருந்து என் தலையில வந்தது. உங்க மண்ணுல ஒரு பிடியும் ஏறாது, நின்னு பாத்துக்கிடுங்க."

அவர் நின்று பார்க்கவில்லை. விமலேஸ்வரி கூப்பிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் மண் அள்ளி முடிக்கும்வரை முன்வீட்டின் பின்கதவு திறக்கவேயில்லை.

மேடு தரைமட்டமான அன்று வாசல் இருந்த இடத்தைக் கையால் கிளறினாள். மூக்குத்தி கிடந்தது. படையும் ஷெல்லும் மூன்று மாரியும் தொடாமல், அவள் குதிக்காலால் மிதித்துவிட்ட இடத்திலேயே கிடந்தது. கிடந்தால்தான் திரும்பி வருவம் என்றாளே விமலேஸ்வரி. அது தன் சொல்லைக் காப்பாற்றித்தான் இருந்தது.

வாய்க்காலுக்கு அப்பால் சுவர் எழும்பியது. மூன்று முறை காயவிட்டு, மூன்று முழம். மல்லாவியிலிருந்து ஆண்டியப்பன் சுமித்திராவையும் கூட்டிக்கொண்டு ஒரு நிலையோடு வந்தான். காட்டுத்தடியில் தானே செதுக்கியது, கோணல். குழி வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி எல்லாம் ஆனது.

"மதினி, பொன்னு வைங்க" என்றான்.

தங்கம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மூக்குத்தியை அவிழ்த்தாள். குழியைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள். போகவில்லை. திருகிப் பார்த்தாள். சுமித்திரா வந்து தடவிப் பார்த்து, "அம்மா, தொளை தூந்துபோச்சு" என்றாள்.

தங்கம்மா மூக்குத்தியைத் திரும்பவும் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"நிறுத்துங்க தம்பி. இதுக்குக் கீழ ஒன்னும் வேணாம். பூட்டுப் போட ஒரு கொண்டி மட்டும் வைங்க."

ஆண்டியப்பன் அண்ணனைப் பார்த்தான். வீரையா போய் இரண்டு கொண்டி எடுத்துவந்தான். ஒன்றை வெளியே அடித்தான், ஒன்றை உள்ளே அடித்தான்.